கோலார் பாறைப் பட்டை: கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லையின் வரலாறு

கோலார் பாறைப் பட்டை என்பது கருநாடகத்தின் கோலார் தங்கவயல் வழியாக வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பழமையான எரிமலைப் பாறைகளின் தொகுதியாகும். இதன் நீளம் சுமார் 80 கி.மீ.; அகலமோ சில கிலோமீட்டர்கள் மட்டுமே. உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களுள் ஒன்று இதில் அமைந்திருந்ததால் இப்பட்டை புகழ்பெற்றது. ஆனால் புவியியலாளர்களுக்கு இது வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. பார்வைக்கு ஒரே மாதிரியான கருநிறப் பாறைகள் பட்டையின் கிழக்கிலும் மேற்கிலும் காணப்படுகின்றன. அவற்றின் வேதியியலை ஆராய்ந்தபோது, அவை வெவ்வேறு இடங்களில் பிறந்து பின்னர் ஒன்று சேர்ந்தவை எனத் தெரியவந்தது. தென்னிந்தியாவின் அடித்தளம் ஒரே பாறைத் துண்டு அன்று, பல துண்டுகள் ஒட்டி உருவானது என்ற கருத்துக்கு இந்த ஆய்வு வலுவான சான்றாக அமைந்தது.

அமைவிடம்

பட்டையின் நடுப்பகுதி கோலார் மாவட்டத்தில் உள்ளது. தெற்கே அது ஆந்திரப் பிரதேசத்தின் பழைய சித்தூர் மாவட்டப் பகுதிக்குள் சென்று, தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தை நோக்கி நீள்கிறது. பட்டையின் இருபுறமும் நைசு எனப்படும் வரிவரியான உருமாறிய பாறைகளும் கருங்கல் பாறைகளும் பரந்து கிடக்கின்றன. இவை அனைத்தும் தார்வார் கிராட்டான் என்ற பெரும் பழம்பாறை அடித்தளத்தின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தவை.

இந்த வட்டாரத்தைத் தமிழகக் கடற்கரையுடன் இணைப்பது பாலாறு. நந்தி மலையில் தோன்றும் பாலாறு கோலார் மாவட்டத்தின் வழியே வந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதன் மொத்த நீளமான 348 கி.மீ.இல் 222 கி.மீ. தமிழ்நாட்டில் உள்ளது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் பாலாற்றின் மீது அமைந்ததே.

இன்று பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. முற்காலத்தில் அது வடக்கே இன்றைய கொற்றலை ஆற்றின் தடத்தில் ஓடியது என்று புவியியலாளர்கள் கருதுகின்றனர். கொற்றலை ஆற்றுக்கு விருத்தட்சீர நதி, அதாவது 'பழம்பாலாறு' என்ற பெயரும் இருப்பது இதற்குப் பொருந்துகிறது. கொற்றலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலின்மேல் அமைந்ததுதான் பொன்னேரி வட்டத்துக் காட்டூரும் பழவேற்காடு ஏரியைச் சார்ந்த மீனவ ஊர்களும். அங்கே கிணறு தோண்டினால் கிடைப்பது மணலும் களிமண்ணுமே. நிலத்தின்மேல் தலைகாட்டும் பாறையைக் காண்பது அரிது. அந்த மணலின் தாய்ப்பாறைகளோ மேற்கே உள்நாட்டில் இருக்கின்றன. கடலோரத்து மாணவர் ஒருவர் தம் காலடி மண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், பழம்பாலாற்றின் தடம் அவரைக் கோலார் மேட்டுநிலம் வரை அழைத்துச் செல்லும்.

எல்லை அளக்க வந்தவர்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, மைசூர் அரசின் புதிய எல்லைகளை அளந்து குறிக்கும் பணி தொடங்கியது. கிழக்கு எல்லையை அளக்க 1802இல் வந்தவர் ஜான் வாரன் என்ற படை அதிகாரி. அப்பகுதி மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்ட அவர், தங்கம் காட்டுவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னிலையில் நீரில் அலசித் தங்கத் துகள்களைப் பிரித்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் ஆட்கள் குழிகளுக்குள் இறங்கிப் பாறையை வெட்டி எடுப்பதையும் வாரன் பதிவு செய்தார். தங்கத்தைக் 'கண்டுபிடித்தவர்' என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். உள்ளூர் மக்களோ அவருக்கு முன்பே அங்கே தங்கம் எடுத்துக்கொண்டிருந்தனர் என்பதை அவரது குறிப்பே காட்டுகிறது.

வாரன் பின்னர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியவர். தென்னாட்டுக் காலக் கணக்கு முறைகளைப் பற்றி 1825இல் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டவரும் இவரே.

அரசியல் எல்லை ஒன்றைக் குறிக்க வந்த வாரன், அதைவிடப் பன்மடங்கு பழமையான இயற்கை எல்லை ஒன்றின்மேல் நடந்துகொண்டிருந்தார். அதை அவர் அறிய வழியில்லை. அந்த எல்லை வெளிப்பட மேலும் ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆயின.

சுரங்கக் காலம்

வாரனின் குறிப்பை 1871இல் படித்த மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர், மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு ஆழ்சுரங்கத் தொழில் வேரூன்றியது. காவிரியின் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான நீர்மின்சாரம் 1902இல் தங்கவயலை எட்டியது. வட ஆர்க்காடு, சேலம் போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை தேடிக் குடியேறின. இன்றும் தங்கவயலில் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது.

சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையே கடும் வெப்பம் கொண்டது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துகள் அங்கு அடிக்கடி நிகழ்ந்தன. தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். 1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன்.

பாறைகளை வகைப்படுத்தும் முயற்சி

தென்னிந்தியப் பாறைகளை முறையாக வரைபடமாக்கியவர்களில் முதன்மையானவர் இராபர்ட் புரூஸ் பூட். 1863இல் பல்லாவரத்தில் கற்கால மனிதரின் கருவியைக் கண்டெடுத்தவர் இவர். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து, கொற்றலை ஆற்றுப் படுகையின் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கற்கருவிகளைக் கண்டறிந்தார். 1880களில், தங்கம் தரும் கரும்பச்சைப் பாறைப் பட்டைகள் அனைத்தையும் சேர்த்துத் 'தார்வார்' தொகுதி என்று பெயரிட்டவரும் அவரே. 1894இல் மைசூர் புவியியல் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இப்பட்டைகள் நீரில் படிந்த படிவுகளா, எரிமலைக் குழம்பிலிருந்து வந்தவையா என்ற விவாதம் நெடுநாள் நடந்தது. பூட்டுக்குப் பின் மைசூர் துறையை நடத்திய ஸ்மீத், பெரும்பாலானவை எரிமலைப் பாறைகளே என்று வாதிட்டார். கோலாரின் கரும்பாறைகளைப் பொறுத்தவரை அவர் கருத்தே நிலைத்தது. அவை முன்பு எரிமலைக் குழம்பாக வழிந்து, பிறகு புவிக்குள் அமிழ்ந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஆம்பிபோலைட்டு என்ற பாறையாக உருமாறியவை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியது. பட்டையின் கிழக்கு ஓரத்துப் பாறையும் மேற்கு ஓரத்துப் பாறையும் ஒரே எரிமலைத் தொகுதியைச் சேர்ந்தவையா? கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் கரும்பாறையே. சுத்தியாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியாலும் இதற்கு விடை காண முடியவில்லை.

எரிமலைப் பாறை சுமக்கும் செய்தி

புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ளது கவசம். அங்குள்ள பாறை முழுவதும் உருகுவதில்லை. ஒரு சிறு பங்கு மட்டும் உருகி, குழம்பாக மேலே வருகிறது. அப்படி உருகும்போது சில தனிமங்கள் திடப்பாறையில் தங்காமல் குழம்போடு எளிதில் வெளியேறிவிடும். அருமண் தனிமங்களில் எடை குறைந்தவையான இலாந்தனம், சீரியம் போன்றவை இத்தகையன. எடை மிகுந்த இட்டெர்பியம், லுட்டேசியம் ஆகியவை அவற்றைவிட அதிகமாகப் பாறையிலேயே தங்கும்.

இதை விளக்க வடிகட்டிக் காப்பி உதவும். புதிய காப்பித்தூளில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கும். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாவது டிகாக்‌ஷன் நீர்த்திருக்கும். தூளைப் பார்க்காமலேயே, டிகாக்‌ஷனை வைத்து அது புதுத்தூளா, ஏற்கெனவே வடித்த தூளா என்று சொல்லிவிடலாம். அதுபோல எரிமலைப் பாறையில் எடை குறைந்த அருமண் தனிமங்கள் குன்றியிருந்தால், அதன் தாய்க்கவசம் ஏற்கெனவே உருகிச் சாரம் இழந்தது என்று கொள்ளலாம். அவை மிகுந்திருந்தால், தாய்க்கவசம் சாரம் இழக்காதது, அல்லது வேறு வழியில் சாரம் ஏறியது என்று கொள்ளலாம்.

பழம்பாறைகளில் எல்லாத் தனிமங்களையும் நம்ப முடியாது. சோடியம், பொட்டாசியம், ருபீடியம் ஆகியவை பாறை உருமாறும்போது நீரில் கரைந்து எளிதில் இடம்பெயரும். தைட்டானியம், சிர்க்கோனியம், நையோபியம், அருமண் தனிமங்கள் ஆகியவை பெரும்பாலும் அசையாமல் இருக்கும். அதனால் பழைய எரிமலையின் கதையை அறிய இவற்றையே அளக்கின்றனர். 1973இல் பியர்ஸ், கான் என்ற இருவர் தைட்டானியம், சிர்க்கோனியம், இட்ரியம் ஆகியவற்றின் விகிதங்களைக் கொண்டு எரிமலைப் பாறைகள் தோன்றிய சூழலைப் பிரித்தறியும் வரைபடங்களை வெளியிட்டனர்.

அடுத்த சான்று ஐசோடோப்புகள். சமாரியம்-147 மிக மெதுவாகச் சிதைந்து நியோடிமியம்-143 ஆகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 10,600 கோடி ஆண்டுகள். யுரேனியத்தின் இரு ஐசோடோப்புகள் சிதைந்து ஈயத்தின் இரு ஐசோடோப்புகளாகின்றன. அவற்றின் அரை ஆயுள்கள் சுமார் 447 கோடி, 70 கோடி ஆண்டுகள். பாறை உருகுவதாலோ உறைவதாலோ இந்த ஐசோடோப்பு விகிதங்கள் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. ஆகவே அவை தாய்க்கவசத்தின் நீண்ட வரலாற்றை அப்படியே சுமந்து வருகின்றன. இரு எரிமலைப் பாறைகளின் தொடக்க விகிதங்கள் தெளிவாக வேறுபட்டால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்வது கடினம்.

கோலாரில் கண்டவை

1980களில் தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வி. இராஜாமணியும், அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பர்ட் ஹான்சனும் உடன் பணியாற்றியோரும் கோலார்ப் பாறைகளை ஆராய்ந்தனர். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எஸ். பாலகிருஷ்ணனும், ஐரிக் குரோக்ஸ்டாடும் இக்குழுவில் முக்கியப் பங்கு வகித்தனர்.

கோலாரின் கரும்பாறைகளில் இரு வகைகள் உண்டு. ஒன்று, சாதாரண பசால்ட்டு வகை. மற்றது கொமாட்டியைட்டு வகை. தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி ஆற்றங்கரையில் முதலில் இனங்காணப்பட்டு, 1969இல் வில்யோன் சகோதரர்களால் பெயரிடப்பட்ட பாறை அது. மக்னீசியம் மிகுந்த கொமாட்டியைட்டுக் குழம்பின் வெப்பம் சுமார் 1,600 பாகை செல்சியசு வரை இருந்திருக்கும். இன்றைய பசால்ட்டு எரிமலைகளின் குழம்பு 1,100 முதல் 1,200 பாகை வரையே இருக்கும். கொமாட்டியைட்டு மிகுந்திருப்பது, புவியின் உட்பகுதி இன்றைவிட வெப்பமாக இருந்த பழங்காலத்தின் அடையாளம்.

ஆய்வில் கிடைத்த முடிவுகள் பின்வருமாறு:

மேற்குப் பகுதியின் கரும்பாறைகளில் எடை குறைந்த அருமண் தனிமங்கள் குன்றியிருந்தன. கிழக்குப் பகுதியின் கொமாட்டியைட்டு வகைப் பாறைகளில் அவை மிகுந்திருந்தன. ஐசோடோப்பு விகிதங்களும் இருபுறமும் வேறுபட்டன. எனவே சுமார் 270 கோடி ஆண்டுகள் பழமையான இந்த எரிமலைப் பாறைகள் கவசத்தின் இரு வேறு மூலங்களிலிருந்து வந்தவை.

பட்டைக்கு வெளியே உள்ள நைசுப் பாறைகளும் இதே கதையைச் சொன்னன. அவற்றின் வயதை அறிய சிர்க்கான் என்ற கனிமம் பயன்பட்டது. சிர்க்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்வாங்கும், ஈயத்தைச் சேர்க்காது. அதனால் பின்னாளில் அதில் காணப்படும் ஈயம் அநேகமாக முழுவதும் யுரேனியத்தின் சிதைவால் வந்ததே, அதுவே கடிகாரமாகிறது. மேற்குப் புற நைசுகளும் கருங்கல்லும் ஏறத்தாழ 263 கோடி முதல் 255 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை. அவற்றில் 320 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய மேலோட்டின் சுவடு கலந்திருந்தது. கிழக்குப் புற நைசின் வயது சுமார் 253 கோடி ஆண்டுகள். அதில் அத்தகைய பழைய மேலோட்டின் சுவடு காணப்படவில்லை.

ஆக, சில கிலோமீட்டர் அகலமே உள்ள பட்டையின் இருபுறமும் இரு வேறு வரலாறுகள் கொண்ட நிலத்துண்டுகள் உள்ளன. பட்டைக்குள்ளும் குறைந்தது இரு வேறு எரிமலைத் தொகுதிகள் உள்ளன. இவை 253 கோடி முதல் 242 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில், பக்கவாட்டு அழுத்தத்தால் நெருங்கி ஒட்டிக்கொண்டன என்று குரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய, இராஜாமணி, ஹான்சன் ஆகியோர் 1989இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். இவ்வாறு இரு நிலத்துண்டுகள் ஒட்டிய தழும்பைப் புவியியலில் பொருத்து மண்டலம் என்பர்.

முடிவின் முக்கியத்துவம்

இமயமலை எழுந்ததற்கு இந்தியத் தட்டு ஆசியத் தட்டுடன் மோதியதே காரணம். இன்று நடக்கும் இத்தகைய தட்டு நகர்வு, புவியின் இளமைக் காலத்திலும் நடந்ததா என்பது புவியியலின் பெரிய கேள்விகளுள் ஒன்று. அக்காலத்தில் புவி மிகுந்த வெப்பத்துடன் இருந்ததால் உறுதியான தட்டுகளே இருந்திருக்க முடியாது என்று கருதியோர் உண்டு. தனித்தனி நிலத்துண்டுகள் நகர்ந்து ஒட்டியதைக் கோலார் காட்டியதால், 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தட்டு நகர்வு செயல்பட்டது என்று 1989 கட்டுரை முடிவு கூறியது.

தங்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பழம்பாறைப் பகுதிகளில் உள்ள பெரிய தங்கப் படிவுகள் பல, இத்தகைய ஆழ்ந்த வெட்டு மண்டலங்களை ஒட்டியே அமைகின்றன. பாறை நெரிந்த இடைவெளிகளின் வழியே வெப்ப நீர்க்கரைசல்கள் மேலேறும்போது, குவார்ட்சு நரம்புகளில் தங்கம் படிகிறது. தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து இறங்கிய தங்க நரம்புகள், நிலத்துண்டுகள் நெருக்குண்ட அந்த மண்டலத்தில் படிந்தவையே.

மாற்றுக் கருத்துகள்

கோலார் முடிவு எல்லோராலும் ஒரே விதமாக ஏற்கப்பட்டுவிடவில்லை. கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத் தூண் ஒன்றே கிழக்குத் தார்வாரின் எரிமலைகளுக்கும் கருங்கல் பாறைகளுக்கும் காரணம் என்று விளக்கும் ஆய்வாளர்கள் உள்ளனர். சாய்வாக நெருங்கிய இரு தட்டுகளின் விளிம்பே தார்வார் என்று விளக்குவோரும் உள்ளனர்.

முறையிலும் வரம்புகள் உண்டு. மேலேறும் எரிமலைக் குழம்பு வழியில் பழைய மேலோட்டைக் கரைத்துக்கொண்டால், அதன் வேதியியல் மாறிவிடும். தாய்க்கவசமே வேறு என்று தவறாகத் தோன்றக்கூடும். இன்றைய எரிமலைகளைக் கொண்டு வகுத்த வரைபடங்கள் 270 கோடி ஆண்டுப் பாறைகளுக்கு அப்படியே பொருந்தும் என்பதும் உறுதி இல்லை. அதனால்தான் அருமண் தனிமங்கள், நியோடிமியம், ஈயம், சிர்க்கான் வயது, களத்தில் காணும் பாறை மடிப்புகள் ஆகிய அனைத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கின்றனர். ஒரே ஒரு விகிதத்தை மட்டும் நம்பி எல்லை வரைவதில்லை.

பின்வந்த ஆய்வுகள் தார்வார் கிராட்டானை மேற்கு, நடு, கிழக்கு என மூன்றாகப் பிரிக்கின்றன. அவற்றில் நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையிலான எல்லை, கோலார், கதிரி பட்டைகளை ஒட்டியே வரையப்படுகிறது. விளக்கங்கள் மாறினாலும், கோலாரில் ஓர் எல்லை உண்டு என்ற கருத்து நீடிக்கிறது.

இதே முறையின் மற்றொரு பயன்

எரிமலைப் பாறையின் வேதியியல் எல்லைகளைப் பிரிப்பது போலவே, பிரிந்து கிடப்பவற்றைச் சேர்க்கவும் உதவும். மகாராட்டிரத்தின் தக்காணப் பாறை அடுக்குகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் பழமையானவை. படிப்படியான அந்தக் கரும்பாறைகளைக் கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால், வேதியியலைக் கொண்டே அவற்றை அம்பேநளி, மகாபலேசுவரம் முதலிய அடுக்குகளாகப் பிரித்துள்ளனர். கோதாவரிக் கரையில் இராஜமுந்திரி அருகே தனியே கிடக்கும் எரிமலைப் பாறைகளின் வேதியியல் இந்த இரு அடுக்குகளோடும் ஒத்துப்போகிறது. எனவே மேற்கு மலைத்தொடர்ப் பக்கத்தில் வெளிப்பட்ட குழம்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிக் கிழக்குக் கடற்கரையை எட்டியது என்ற கருத்து வலுப்பெற்றது.

இன்றைய நிலை

தங்கவயலின் சுரங்கங்களில் வேலை நின்றுவிட்டது. ஊரைச் சுற்றி, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் 'சயனைடு மேடு' என்ற பெயரில் குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு குடியிருப்புகளில் படிகிறது.

தீபகற்ப இந்தியா மிகப் பழமையான, உறுதியான நிலப்பகுதி என்று பள்ளிப் பாடநூல்களில் படிக்கிறோம். அது சரியே. ஆனால் அந்த உறுதி தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. நகர்ந்து, மோதி, ஒட்டிய துண்டுகள் நெடுங்காலத்தில் இறுகிப் பெற்ற உறுதி அது. கோலாரில் அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டியது தங்கத்தின் மதிப்பன்று; பத்து இலட்சத்தில் சில பங்கு மட்டுமே உள்ள இலாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற தனிமங்களின் கணக்கு.